தண்ணியில ஒண்ணும் இல்லியாம்

செஞ்சியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். வீடு வல்லம் பக்கம் ஒரு ஊரில், அண்ணன் குடும்பத்தோடு. மலையடிவாரத்தில் போட்ட புது போர்வெல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு. அடுத்த தெருவுக்குப் பழைய டேங்க் தண்ணீர்தான்.

போர்வெல் வந்த இரண்டு வருடத்தில் எங்கள் தெருவில் கர்ப்பமான ஒன்பது பேரில் மூன்று பேருக்குக் கலைந்துவிட்டது. அடுத்த தெருவில் பதினோரு பேரில் ஒருவருக்கு. இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா என்னிடம் வந்தார்.

"நீ படிச்சவ, சொல்லு. தண்ணிதான் காரணமா?"

பாடத்தில் சொல்வதுபோலவே செய்தேன். தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதலில் வைத்துக்கொண்டேன். இருபது சீட்டு எழுதி, நான்கில் புள்ளி வைத்து, குலுக்கி ஒன்பதை எடுத்தால், மூன்றோ நான்கோ புள்ளிச் சீட்டு வருவது எவ்வளவு சகஜம்? நூறு தடவை எடுத்தால் ஏறக்குறைய இருபத்திரண்டு தடவை வரும். நூற்றில் ஐந்து தடவைக்கும் குறைவாக வந்தால்தான் தற்செயல் என்று ஒதுக்க முடியாது என்போம்.

"தண்ணின்னு சொல்ல முடியாதுக்கா. சும்மாவே இப்படி அமையலாம்" என்றேன்.

மறுநாள் குழாயடியில் பேச்சு வேறாக இருந்தது. "தண்ணியில ஒண்ணும் இல்லியாம். டீச்சரே சொல்லிட்டா." மனு நின்றுபோனது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று போய்த் திருத்தியிருக்கலாம். காலேஜ் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டேன்.

சில மாதங்களில் அண்ணி கர்ப்பமானார். நான்காம் மாதம் கலைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டார். "ஒண்ணும் இல்லன்னு நீதான சொன்ன?"

'தெரியவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. வருடாவருடம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறேன்.

அண்ணியையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டேன். நூற்றுக்குப் பதின்மூன்று. அப்போதும் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. இத்தனை கொஞ்சம் பேரை வைத்துப் போட்டால், உண்மையிலேயே கெடுதல் இருந்தாலும் அது கணக்கில் பிடிபடாமல் போகலாம். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

எதிர்வீட்டுக்குப் போனேன். "எனக்குத் தெரியலன்னுதான் நான் சொல்லியிருக்கணும்க்கா. தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொல்லுவோம். அதுவரைக்கும் குடிக்க வாணாம்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அக்கா. பிறகு பாதியில் விட்ட மனுவை எடுத்து வந்தார். முதல் கையெழுத்து நான் போட்டேன்.

மனு போன பிறகு பஞ்சாயத்திலிருந்து வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். குடிக்கத் தகுந்ததல்ல, உப்பு அதிகம் என்று தாள் வந்தது. கரு கலைந்ததற்கு அதுதான் காரணமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. போர்வெல்லை மூடி, டேங்க் தண்ணீரை எங்கள் தெருவுக்கும் விட்டார்கள். அண்ணி என்னோடு பேசுகிறார், சாப்பாடு போடுகிறார். உடம்புக்கு எது வந்தாலும் என்னைக் கேட்பதில்லை.