கல்யாண வீடியோவைப் பெரிய டிவியில் பார்த்தோம்

டிவி வாங்குவதற்கு முன் என் கணவர் ஆறு வாரம் ஆராய்ச்சி செய்தார். கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரியும், பந்து ஓடும்போது பின்னால் கோடு இழுக்குமா என்று விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். ஒரு சனிக்கிழமை அறுபத்தைந்து இன்ச் வந்து சேர்ந்தது. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் ஹால் குறுகலானது. கடை ஆட்கள் மாட்டிவிட்டுப் போனதும் இவர் டேப்பால் அளந்து அளந்து சோபாவை நகர்த்தினார்.

அன்று முழுவதும் சோதனைதான். அருவி, கிளி, கிரிக்கெட். கிளியின் கண்ணைச் சுற்றியிருந்த தோல் சுருக்கம் என் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தது. செய்தி வாசித்த பெண்ணின் கன்னத்தில் பவுடர் வெடித்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அதான் குவாலிட்டி," என்றார்.

மறுநாள் காலை டிபன் முடிந்ததும் அத்தை, அதாவது என் மாமியார், "உங்க கல்யாண வீடியோ போடுடா, எல்லாரையும் பெருசா பாக்கலாம்," என்றார். அதுவரை அதை நாங்கள் பழைய சின்ன டிவியில்தான் பார்த்திருந்தோம்.

எங்களுடையது காதல் கல்யாணம். சாதி வேறு. இவர் வீட்டார் மூன்று தலைமுறையாக பெங்களூர்க்காரர்கள். தாத்தா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். என் அப்பா பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். ஆனாலும் அத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "காலம் மாறிடுச்சும்மா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து வருடமாக இதை நான் ஆபீசில் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

திரையில் நாங்கள் மாலை மாற்றிக்கொண்டிருந்தோம். பின்னால் முதல் வரிசையில் அத்தை. என் அம்மா தட்டோடு வந்து, குனிந்து, ஒரு லட்டை எடுத்துக் கொடுக்கிறார். அத்தை சிரித்துக்கொண்டே வாங்குகிறார். அம்மா அடுத்தவரிடம் நகர்கிறார். அத்தையின் சிரிப்பு போகிறது. கையை நாற்காலிக்குப் பக்கத்தில் தாழ்த்தி, லட்டைக் கீழே விடுகிறார். பிறகு அந்த இரண்டு விரல்களையும் நாற்காலித் துணியில் துடைக்கிறார். இன்னொரு முறை துடைக்கிறார். பழைய டிவியில் அந்த இடம் வெறும் மஞ்சள் திட்டாக இருந்தது.

"ஏங்க, கொஞ்சம் பின்னாடி போங்க," என்றேன்.

நான் புடவையைப் பார்க்கிறேன் என்று நினைத்துப் பின்னுக்கு ஓட்டினார். இரண்டாம் முறை அவரும் பார்த்தார். ரிமோட் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அத்தை, "அது கை தவறி விழுந்துச்சு," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "ஸ்வல்ப சவுண்டு கம்மி பண்ணுடா. மேளச் சத்தத்துல தலை வலிக்குது."

இவர் சத்தத்தைக் குறைத்தார். "பழைய வீடியோவையே எவ்ளோ ஷார்ப்பா காட்டுது பாத்தியா," என்றார் என்னிடம்.

அன்று சாயங்காலம் டிவிக்கு மதிப்பெண் போடச் சொல்லி போனில் செய்தி வந்தது. என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஐந்து நட்சத்திரம் போட்டார். பின்னணியில் இருக்கும் சின்ன விஷயம்கூடத் துல்லியமாகத் தெரிகிறது என்று எழுதி, எனக்குப் படித்தும் காட்டினார்.

"எங்கம்மா குடுத்தத அவங்க கீழ போட்டது உங்களுக்குத் தெரியலையா?"

"அது பத்து வருஷத்துக்கு முன்னாடி. இப்ப அம்மா அப்படியா இருக்காங்க?"

யோசித்துப் பார்த்தேன். என் அம்மா அதிரசம் கொண்டுவந்தால் அத்தைக்கு சர்க்கரை வியாதி. முறுக்கு கொண்டுவந்தால் பல் வலி. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். பொழுது சாய்வதற்குள் டப்பா பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேனிடம் போய்விடும். கடை மைசூர்பாகு என்றால் மட்டும் சர்க்கரையும் இல்லை, பல்லும் வலிக்காது. இத்தனையும் என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அத்தையைவிட என்மேல்தான் அன்றைக்கு எனக்கு அதிக அருவருப்பு வந்தது.

இரண்டு வாரம் கழித்து அம்மா வந்தார், வழக்கம்போல அதிரச டப்பாவோடு. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். கல்யாண வீடியோவைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். பென்டிரைவ் கெட்டுவிட்டது என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"லட்டு விஷயமா?" என்றார்.

நான் டப்பாவை வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

"அன்னைக்கே பாத்தேன்டி. நான்தான் திரும்பி வந்து எடுத்துக் குப்பையில போட்டேன். யாராச்சும் மிதிச்சு வழுக்கி விழுந்துருப்பாங்க."

"ஏம்மா சொல்லல?"

"நீ மேடைல நின்னுட்டிருந்த. அப்ப போய் என்னத்த சொல்றது?"

"அப்புறம் ஏன் ஒவ்வொரு வாட்டியும் செஞ்சு எடுத்துட்டு வர்ற?"

"நீ சாப்பிடுறல்ல," என்றார் அம்மா. பிறகு டீ போடச் சொன்னார்.

அம்மா போன பிறகு அத்தை வந்தார். டப்பாவைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"குடுங்க அத்தை. அது எனக்கு வந்தது."

"இல்லம்மா, எனக்கு சுகரு..."

"தெரியும் அத்தை. குடுங்க."

கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. டப்பாவும் வாட்ச்மேனிடம் போவதில்லை.

ஆனால் எனக்கு ஒன்று ஆகிவிட்டது. காலையில் அத்தை என் தட்டில் இட்லி வைக்கும்போது அந்த இரண்டு விரல்களைத்தான் பார்க்கிறேன். ஒருவர் கை பட்டதாலேயே சாப்பாடு இறங்காமல் போவது என்னவென்று இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, தட்டை சமையலறைக்கு எடுத்துப் போய்விடுகிறேன்.