சிதம்பரத்து அவுட்டர் கைகாட்டி

கும்பகோணத்தில் காலை வண்டிக்குக் கிளம்பும்போது என் மனைவி வாசல் வரை வந்தாள். “ஊர்ல எல்லாரும் சிதம்பரம் போனா சாமியப் பாப்பாங்க. நீங்க கரிப்புகையப் பாக்கப் போறீங்க. அந்தச் சட்டைய வெளுக்கப் போறது யாரு?” என்றாள். பெட்டி காமிராவைத் துணியில் சுற்றிப் பையில் வைப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்தேன்.

1947ஆம் வருஷம், மாசி மாதம், சனிக்கிழமை. காமிராவுக்குள் ஒரே ஒரு சுருள். யுத்தம் முடிந்து ஒன்றரை வருஷமாகியும் ஃபிலிம் கிடைப்பது குதிரைக் கொம்பாகத்தான் இருக்கிறது. ஒரு சுருளுக்கு எட்டுப் படம். எட்டையும் எஞ்சின்களுக்கே செலவழிப்பது என்று கிளம்பிய மனிதனைப் பற்றி வாசகர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதிலிருந்து எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: ஓடுகிற எஞ்சினில் நின்றுகொண்டு போக வேண்டும். பதினெட்டு வயதில் நானும் என் சிநேகிதன் சவரிமுத்துவும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ரயில்வே வேலைக்கு ஒன்றாகப் போனோம். டாக்டர் மேசைமேல் கம்பளி நூல் கண்டுகளைக் கொட்டி, “சிவப்பையெல்லாம் தனியாக எடுத்து வை” என்றார். எடுத்து வைத்தேன். அவர் சிரித்துவிட்டார். வீட்டில் பழுத்த மிளகாய் பறித்து வரச் சொன்னால் காயும் பழமுமாகக் கொண்டுவந்து நான் திட்டு வாங்கியதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிற கண்ணுக்கு ரயில் எஞ்சினில் வேலை கிடையாது. நியாயம்தான். நியாயமாக இருந்ததால் வருத்தம் குறைந்துவிடவில்லை. சவரிமுத்து எஞ்சின் துடைக்கிற வேலையில் சேர்ந்தான். நான் கும்பகோணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே எல்லாம் கறுப்பு மைதான், எனக்குத் தொந்தரவு இல்லை. ஓட்டக் கிடைக்காததைப் படமாகவாவது பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று பிற்பாடு இந்தப் பெட்டியை வாங்கினேன்.

போன மாதம் சவரிமுத்து கார்டு போட்டிருந்தான். டிரைவர் ஆகிவிட்டானாம். கடலூரிலிருந்து மாயவரம் போகிற சாயங்கால பாசஞ்சர் இப்போது அவன் கையில். அடுத்த மாதக் கடைசியில் இந்த எஞ்சினை விருத்தாசலம் பக்கம் அனுப்பிவிடுகிறார்கள், அதற்குள் வந்து ஒரு படம் எடு என்று எழுதியிருந்தான்.

மாயவரத்தில் இரண்டு படம் எடுத்தேன். கொள்ளிடம் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தது. கீழே தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கி, மீதியெல்லாம் மணல். எதிரே உட்கார்ந்திருந்த கடலை வியாபாரி ஒருவர் என் மடியில் இருந்த பெட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுல என்னா சார் புடிப்பீங்க?” என்றார்.

“ரயில்.”

“ரயிலுதான் தெனமும் வருதே. அத எதுக்குப் புடிச்சு வைக்கணும்?”

இந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமாக எனக்குப் பதில் தெரியவில்லை. அவரிடமும் சிரித்து மழுப்பினேன். சிதம்பரத்தில் அவர் இறங்கிப் போகும்போது ஒரு கை வறுத்த கடலை கொடுத்துவிட்டுப் போனார்.

பகல் பதினொன்றரை மணிக்குக் கடலூர் முதுநகர். ரயில்வேக்காரர்களுக்கு அது ‘ஓ.டி.’ தான், அதாவது ஓல்டு டவுன். உப்பனாற்றுக் காற்றில் கருவாட்டு வாசனையும் கரி வாசனையும் கலந்து வந்தன. பிறந்த ஊர் வாசனை அது. ஸ்டேஷனைத் தாண்டி எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சவரிமுத்து நின்றிருந்தான். மனுஷன் நன்றாகப் பெருத்துவிட்டான். நீலச் சட்டையும், கையில் எண்ணெய் டின்னும், தலையில் கட்டிய கைக்குட்டையுமாக நின்றான்.

“வா மச்சான், எளைச்சிட்டியேடா. கும்மாணத்துல சோறு போடறதில்லியா?”

“எனக்குப் போட வேண்டியதையும் உனக்குப் போட்டுட்டாங்க போலிருக்கு.”

எஞ்சினைக் காட்டினான். பித்தளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்காக இருந்தது. உள்ளே ஒரு பக்கம் சின்ன மாதா படம், இன்னொரு பக்கம் ஃபயர்மன் கோவிந்தன் ஒட்டியிருந்த நடராஜர் படம். நடுவில் நெருப்பு. கோவிந்தன் சிதம்பரம் வடக்கு வீதிக்காரர், அதிகம் பேசாதவர். நான் சுற்றிச் சுற்றி வந்து நாலு கோணம் பார்த்து ஐந்து படம் எடுத்தேன். ஏழு முடிந்தது. எட்டாவதை வெள்ளாற்றுப் பாலத்துக்கு என்று வைத்திருந்தேன்.

திட்டம் இதுதான். ஒரு மணி பஸ்ஸில் பரங்கிப்பேட்டை போவது, ஆற்றங்கரையில் நிற்பது, சவரிமுத்து பாலத்தின்மேல் வரும்போது எதிரிலிருந்து பிடிப்பது. இந்தப் பெட்டிக்குக் குறுக்கே ஓடுகிற வண்டி ஆகாது, இழுபட்டுப் போகும். எதிரில் வருவதுதான் நன்றாக விழும். அவன் வீட்டிலிருந்து வந்த சங்கரா மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே இதை விளக்கமாகச் சொன்னேன். அவன் தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தான்.

“பஸ்ஸ விடு. எஞ்சின்ல ஏறு.”

எனக்குக் கை நின்றுவிட்டது.

“ஃபோர்மன் தொரைகிட்ட சொல்லிட்டேன். சின்ன வயசுலேர்ந்து ஒரு பைத்தியம் கேக்குதுன்னேன். சரி, சிதம்பரம் வரைக்கும் போவட்டும்னுட்டாரு.”

“அப்ப பாலத்துப் படம்?”

“அது உன் பாடு. நீ கரையில நின்னா படம். எஞ்சின்ல நின்னா படம் இல்ல. ரெண்டும் எப்பிடிடா ஆவும்?”

ரயிலைப் படம் பிடிக்கிறவனுடைய கஷ்டமே இதுதான். எவ்வளவு ஆசைப்பட்டுப் போனாலும் அவன் வெளியே நிற்க வேண்டியவன். வண்டி போய்விடும், இவன் தண்டவாளத்தின் பக்கத்தில் பெட்டியை மூடிக்கொண்டு நிற்பான். பத்து வருஷமாக அப்படித்தான் நின்றிருக்கிறேன். ஒரு மணி பஸ் ஸ்டேஷன் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது எனக்குக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

மூன்றே முக்காலுக்குப் புறப்பாடு. சிதம்பரம் இருபத்து நான்கு மைல். கும்பகோணம் வரை வாங்கிய மூன்றாம் வகுப்பு டிக்கெட் சட்டைப் பையில் இருக்க, நான் எஞ்சினில் ஏறி நின்றேன். சவரிமுத்து விசில் கயிற்றை என் கையில் கொடுத்தான். இழுத்தேன். அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கரித்தூள் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

எஞ்சினில் சுகம் என்று ஒன்றும் கிடையாது. முன்னால் அடுப்பு, பின்னால் காற்று. கால் வைத்த இடமெல்லாம் ஆடும். கோவிந்தன் கரி அள்ளிப் போடும்போதெல்லாம் முழங்காலுக்குக் கீழே வேகிறது. ஆனாலும் ஆலப்பாக்கத்துச் சவுக்குத் தோப்புகள் இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு வழி விடுகிற அழகை, பெட்டியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு எல்லாம் பக்கவாட்டில் ஓடும். எஞ்சினில் நிற்கிறவனுக்குத்தான் ஊர் எதிரில் வரும்.

கொஞ்ச தூரம் போனதும் சவரிமுத்து கத்தினான்: “கோவிந்தன் பக்கம் போய் நில்லு. கைகாட்டிய நீ சொல்லு!”

வழக்கம் என்னவென்றால், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் முன்னால் நிற்கிற கைகாட்டி மரத்தைப் பார்த்து ஃபயர்மன் உரக்கச் சொல்ல வேண்டும், டிரைவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கை நேராக நீட்டிக்கொண்டிருந்தால் நிற்க வேண்டும், சாய்ந்திருந்தால் போகலாம். ராத்திரியில் கைக்குப் பதில் சிவப்பு, பச்சை விளக்கு. தூரத்தில், பனைகளுக்கு மேலே அந்த மரம் தெரிந்தது. வானத்தில் வைத்து வரைந்த மாதிரி அந்தக் கை தெளிவாகச் சாய்ந்திருந்தது.

“சாஞ்சிருக்கு!” என்று கத்தினேன்.

“சாஞ்சிருக்கு!” என்றான் சவரிமுத்து.

நிறம் எதற்கு? பகலில் கை சாய்ந்திருப்பது போதாதா? அந்த டாக்டர் இங்கே வந்து நின்று பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நானும் ரயில்வேக்காரன்தான்.

புதுச்சத்திரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒற்றைத் தண்டவாளம், எதிரில் சாமான் வண்டி வர வேண்டும். அது வரவில்லை. ஸ்டேஷன்காரர் ஒரு செம்பு மோர் கொடுத்தனுப்பினார். சவரிமுத்து சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டான். நான் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தாயிற்று, ஐந்தரையும் ஆயிற்று. முந்திரித் தோப்புகளுக்குப் பின்னால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

“என்னா மச்சான், மூஞ்சி தொங்கிடுச்சு?”

“இருட்டுக்கு முன்னால சிதம்பரம் போயிடலாமா?”

அவன் எண்ணெய் டின்னைக் கீழே வைத்தான். அப்போதுதான் அவனுக்கும் அது உறைத்தது போலிருக்கிறது. “பாப்போம்டா” என்று மட்டும் சொன்னான்.

சாமான் வண்டி வந்து, நாங்கள் கிளம்பி, பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் ஏறும்போது சூரியன் தண்ணீருக்குச் சமமாக இருந்தது. நான் நிற்பதாக இருந்த கரையைப் பார்த்தேன். அங்கே இரண்டு செம்படவர்கள் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள், எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கரையில் நான் இல்லை, பாலத்தின்மேல் இருக்கிறேன் என்ற சந்தோஷத்தை எப்படி எழுதுவது? எட்டாவது படம் போனால் போகட்டும் என்று அப்போது முழு மனதோடு தோன்றிற்று.

கிள்ளையில் மேற்கு வானத்தின் மிச்ச வெளிச்சத்தில் கையை எப்படியோ கண்டுபிடித்துச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் மளமளவென்று இருட்டியது. சிதம்பரத்துக் கோபுரங்கள் நாலும் கறுப்பாகத் தெரிந்து, பிறகு அவையும் மறைந்தன. ஊருக்கு வெளியே முதலில் நிற்கிற அவுட்டர் கைகாட்டி வர வேண்டிய இடம்.

“கைகாட்டி?” என்று சவரிமுத்து கேட்டான். பழக்கத்தில் வந்த கேள்வி.

கை தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. இருட்டில் ஒரு புள்ளி வெளிச்சம் மட்டும், மங்கிய மஞ்சளாக. பச்சையாகத்தான் இருக்கும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் எல்லாம் சாய்ந்துதானே இருந்தது? ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் சிதம்பரம் வரைக்கும் நான் ரயில்வேக்காரன். பின்னால் பெட்டிகளில் ஜனங்கள் பேசிச் சிரிப்பது காற்றில் கேட்டது.

“தெரியலடா” என்றேன்.

கோவிந்தன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “செவப்புண்ணே!”

சவரிமுத்து பிரேக்கைப் போட்டான். எஞ்சின் முனகிக்கொண்டே போய் மரத்தடியில் நின்றது. தவளைச் சத்தமும் எஞ்சின் மூச்சு விடுகிற சத்தமும்தான். நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்கவே இல்லை. மேலே கம்பி இழுபடுகிற சத்தம் கேட்டது, விளக்கு ஒரு தரம் சிமிட்டிற்று, மறுபடி அதே மங்கிய மஞ்சள்.

“பச்சை வுழுந்திடுச்சுண்ணே” என்றார் கோவிந்தன்.

சவரிமுத்து வண்டியை எடுத்தான். சிறிது தூரம் போனபின், என்னைப் பார்க்காமலேயே, “பகல்ல ஒண்ணுகூடத் தப்பல மச்சான்” என்றான்.

“வண்டி பகல்ல மட்டும் ஓடலியேடா.”

சிதம்பரத்தில் இறங்கினேன். “பின்னால பொட்டியில ஏறிக்க, ராத்திரிக்கே ஊட்டுக்குப் போயிடலாம்” என்று அவன் சொன்னான். எஞ்சினில் நின்று வந்துவிட்டு அதே வண்டியில் பெட்டிக்குள் போய் உட்கார எனக்கு மனது வரவில்லை. காலை வண்டியில் போகிறேன் என்றேன். அவன் எண்ணெய்க் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். விசில் ஊதி வண்டி போயிற்று. வழக்கம்போல நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கீழவீதிச் சத்திரத்தில் படுக்க இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து ஹோட்டலில் இரண்டு இட்டிலி, கத்திரிக்காய் கொத்சு, வெல்லம் போட்ட காப்பி. பிறகு கோயிலுக்குப் போகாமல் (மனைவியிடம் யாரும் சொல்ல வேண்டாம்) தண்டவாள ஓரமாக வடக்கே நடந்தேன். அவுட்டர் கைகாட்டி பனிக்குள் நின்றுகொண்டிருந்தது. ராத்திரி என்னைத் தோற்கடித்தது அதுதானா என்று நம்ப முடியாதபடி சாதாரண மரம். அடியில் நின்று காத்திருந்தேன். வெயில் ஏறியது. கம்பி இழுபட்டது, கை மெதுவாகச் சாய்ந்தது. பெட்டியைத் தூக்கி எட்டாவது படத்தை எடுத்தேன்.

பாதை வேலைக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். “சார், இப்பதான் வண்டியே வருது. அதுக்குள்ள எடுத்துட்டீங்களே!”

“இதுதான் வேணும்” என்றேன். வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

கும்பகோணம் திரும்பிப் படங்களைக் கழுவி வாங்கினேன். ஏழு எஞ்சின் படங்களும் நன்றாக வந்திருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றைப் பார்த்து ஆகா என்கிறார்கள். எட்டாவதற்கு வந்ததும், “ரயிலே இல்லாமல் வெறும் மரத்தை எதற்குப் படம் எடுத்தீர்கள்?” என்று கேட்கிறார்கள். கடலை வியாபாரியிடம் மழுப்பியதுபோல் இவர்களிடம் மழுப்புவதில்லை. பகல் நேரம், கை சாய்ந்திருக்கிறது, போகலாம் என்று அர்த்தம் என்கிறேன். அந்தக் கை நல்ல சிவப்பு என்று சவரிமுத்து சொல்லியிருக்கிறான். படத்தில் அது பக்கத்துப் பனையோலை மாதிரியே சாம்பலாக விழுந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரிகிறதோ, அப்படியேதான் உங்களுக்கும்.