ஐசி படத்துக்குப் பட்டுச்சேலை

அக்காவின் இதய வால்வை மாற்றவேண்டும் என்று சொன்ன வைத்தியர், அவளை வெளியே இருத்திவிட்டு என்னோடுதான் கதைத்தார். இதயம் வீங்கிவிட்டது, சீனி வருத்தமும் இருக்கிறது, சத்திரசிகிச்சை மேசையிலேயே போய்விடக்கூடும். செய்யாமல் விட்டாலும் கனகாலம் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான், நோய் ஒருவருக்கு, செய்தி மற்றவர்களுக்கு. வெளியே வந்தபோது, "என்னவாம்?" என்றாள். சின்ன ஒப்பரேசன்தான் என்றேன். அவள் நம்பினாள். நம்பியபடியே சம்மதித்தாள்.

எங்கள் ஊர் அக்கராயனுக்குத் திரும்பியதும் கனடாவிலிருக்கும் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். முதலில் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: "அவளின்ர நல்ல படம் ஒண்டு இருக்கோடா?"

இல்லை. எங்களிடம் எவருடைய படமும் இல்லை. போரின் கடைசி இடம்பெயர்வில் அல்பங்களை ஏதோ ஒரு பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். அய்யா செத்தபோது அடையாள அட்டையிலிருந்த முகத்தைத்தான் பெருப்பித்து அஞ்சலிப் பானர் அடித்தோம். பெருக்கப் பெருக்க அய்யா கலைந்தார், புள்ளி புள்ளியாய், மழைக்கு நனைந்த மண்சுவர்போல. சந்தியில் நின்ற சனம், "இது ஆர்?" என்று கேட்டது. அம்மாவுக்கு அதுவும் இல்லை, வெறும் விளக்கு. ஆகவே அண்ணா கேட்டதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. உயிரோடு குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு நான் பானர்ப் படம் தேடினேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

அடையாள அட்டை பழசு, புது ஐசி எடுக்கவேண்டும், கொழும்பு ஆஸ்பத்திரியில் கேட்பார்கள் என்று பொய் சொன்னேன். என் மனைவி அலுமாரியைத் திறந்து, தன் பச்சைப் பட்டை எடுத்து நீட்டினாள்.

அக்கா சிரித்தாள். "ஐசி படத்துக்கு ஆரடி பட்டு உடுத்தினது? செக்கிங்கில நிக்கிற ஆமிக்காரன் என்னைப் பொம்பிளை பாக்கவோ போறான்?"

"உங்களுக்கு வடிவாயிருக்கும் மச்சாள், உடுங்கோவன்," என்றவள் வேகமாய்க் குசினிக்குள் போனாள். அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.

ஓட்டோவில் அக்கா உற்சாகமாக இருந்தாள். கலியாணம் கட்டாமல் எங்கள் வயலோடேயே கிடந்தவள். வழியில் ஒவ்வொருவரின் நெல்லையும் பார்த்து, இது பசளை காணாது, இது களை கூடிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டு வந்தாள். இடையிடையே மூச்சு வாங்கியது. நான் வெளியே பார்த்தேன்.

கிளிநொச்சி ஸ்ரூடியோக்காரன் நாடியைத் தொட்டு நிமிர்த்தினான். "அன்ரி, கொஞ்சம் சிரியுங்கோ."

"ஐசிக்குச் சிரிக்கக்கூடாதெல்லோ தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் விளக்கைப் பார்த்தேன். அவன் விளங்கிக்கொண்டான். இப்படி எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள் அவனிடம்! படத்தைக் கணினியில் போட்டபின் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, அக்கறையோடுதான் சொன்னான்: "அண்ணை, தலைக்கு மேல இடம் விட்டிருக்கிறன், எழுத்துப் போட வசதி. பின்னுக்கு முகில் போட்டா நல்லாயிருக்கும், பாருங்கோ."

திரையில், வெள்ளை முகில்களுக்கு நடுவே, பச்சைப் பட்டோடு அக்கா. என் தோளுக்குப் பின்னால், செருப்பை மாட்டிக்கொண்டு, அதே பச்சைப் பட்டோடு அக்கா.

"முகில் வேண்டாம் தம்பி," என்றாள். "எனக்குக் குளிர் ஒத்துவராது."

ஒருவரும் சிரிக்கவில்லை.

வெளியே, கடைவாசல் வெயிலில் நின்று கேட்டாள். "டொக்டர் உண்மையா என்ன சொன்னவர்?"

சொன்னேன். மேசை, வீக்கம், எல்லாம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அண்ணாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"உன்ர மனுசிக்கு?"

"ஓம்."

"இந்தப் பெடியனுக்கும் தெரிஞ்சிட்டுது." ஸ்ரூடியோக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப, எனக்கு மட்டும்தான் தெரியாது, என்ன?"

திரும்பும் வழியில் அவள் எவருடைய நெல்லையும் குறை சொல்லவில்லை. வயல்கள் சும்மா போய்க்கொண்டிருந்தன. அழுவாள் என்று பயந்தேன். இல்லை, உண்மையைச் சொன்னால், அழமாட்டாளா என்று ஏங்கினேன். அழுதால் நான் தேற்றுகிறவனாகி விடலாம்.

அடுத்த கிளினிக்கில் பெயர் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன்.

"நீ இரு," என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. நான் உள்ளே இருந்ததைவிட அவள் கனநேரம் இருந்தாள். அவளுடைய குரல்தான் கூடக் கேட்டது. சொற்கள் கேட்கவில்லை, கேள்விகள் என்பது மட்டும் தெரிந்தது. வந்தபோது முகம் வெளிறியிருந்தது. ஆனால் நடை நேராக இருந்தது.

"செய்யச் சொல்லிப்போட்டன். வாற கிழமை."

"வேற என்னவாம் அக்கா?"

"அது எனக்குச் சொன்னது," என்றாள்.

இன்னும் போகவில்லை, நாளைக்குத்தான் கொழும்புக்குப் போகிறோம். முற்றத்திலிருந்து எந்த வரம்பை எப்போது வெட்டித் தண்ணீர் விடவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைத் தவிர வேறு கதை எங்களுக்குள் இல்லை. பயமாயிருக்கிறதா என்று ஒருக்கால் கேட்கவேண்டும்போல இருக்கிறது. கேட்கிற உரிமையை நான் எங்கே விட்டேன் என்பது தெரிந்தபடியால், தண்ணீரைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.