ஹரேன் என்ன நிறம்?

காலண்டர் அச்சடிக்கிறவனுக்கு வருஷம் சீக்கிரமே முடிஞ்சிரும்; அடுத்த வருஷத்து நல்ல நாள், கெட்ட நாள் எல்லாம் ஐப்பசியிலேயே என் கை மையில ஒட்டிக் கிடக்கும். ஆனா எந்தத் தேதியில யாரு போவாகன்னு ஒரு தாள்லயும் அச்சாகி வராது. முகம் தெரியாத ஒரு ஆளோட வெறும் போன்லயே பழகி, அந்த மணி அடிக்காதான்னு காத்துக் கிடந்தவுக உங்கள்ல இருந்தா, இது நம்ம கூட்டத்துக் கதை.

நீலம் முக்கின சாமி

திருத்தங்கல்ல ஒரு பிரஸ்ல மெஷின் ஓட்டுறேன். அஞ்சாப்பு தாண்டலை. இளவட்டத்துல ரெண்டு வருஷம் பம்பாயில கெடந்ததால கொஞ்சம் இந்தி வரும். அதனால வடக்க இருந்து எந்தப் பார்ட்டி திட்டினாலும், முதலாளி போனைக் கொண்டாந்து என் காதுல வச்சிருவாரு.

அப்படி வந்தவருதான் ஹரேன். அஸ்ஸாம் பக்கம் சின்ன டவுன்ல டீத்தூள் கடை. அவரு கேட்டது கிருஷ்ணர் படம். அந்த லோடுல நீல மை கூடிப்போச்சு; போய்ச் சேர்ந்த அன்னிக்கே போன். அவரு இந்தியில சொன்னதை நம்ம பேச்சுல சொல்றேன்: “நான் கேட்டது மழை மேகத்து நிறத்துல கிருஷ்ணர். நீங்க அனுப்பினது நீலம் முக்கின வேட்டி.”

சேவு

திட்டு வாங்கின கையோட, மன்னிச்சிருங்கன்னு ஒரு பொட்டலம் சாத்தூர் காரச்சேவு பார்சல் போட்டேன். பதிலுக்கு ஒரு டப்பா டீத்தூள் வந்துச்சு. அதுல இருந்து வருஷா வருஷம் ஆடிப்பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் மாதிரிப் படங்களோட ஆல்பம் வெளியானதும், ஆர்டர் சொல்ல அவரு கூப்பிடுறது முதலாளியை இல்ல, என்னையத்தான். மொதத் தடவை சேவைத் தின்னுட்டுப் பேசினப்பக் குரலே மாறிக் கெடந்துச்சு: “ஏம்ப்பா, உங்க ஊர்ல திங்கிற பண்டத்துக்குள்ளயும் வெடிமருந்தா?”

டிவியில வர்ற ஊரு

இங்கன எந்தப் பட்டாசு ஆலையில விபத்துன்னாலும், என் வீட்டுக்குச் சேதி தெரியுமுன்ன அஸ்ஸாம்ல இருந்து மணி அடிக்கும். “நான் அச்சாபீஸ்யா, பட்டாசு இல்ல”ன்னு எம்புட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டாரு. ஒரு தடவை வெம்பக்கோட்டைப் பக்கம் வெடிச்சதுல என் சகலை மகன் போயிட்டான். அன்னிக்கு அவன் பேரை மட்டும் சொன்னேன். அவரு அந்நேரமே கடையை அடைச்சாரு; ஷட்டர் எறங்குற சத்தம் எனக்குப் போன்ல கேட்டுச்சு.

அவுக ஊர்ல ஆறு பெருகினா நான் போன் அடிப்பேன். ஒரு மழைக்கு நாலு நாளா லைன் கிடைக்கலை. சோறு எறங்காமத் திரிஞ்சேன். அஞ்சாம் நாள் எடுத்தவரு சிரிக்கிறாரு: “நம்ம ரெண்டு ஊரையும் டிவியில காட்டாத நாள்தான்யா நமக்கு நல்ல நாள்.”

ஒரே அடுப்பு

ராமேஸ்வரம் பார்க்கணும்னு அவருக்குத் தீராத ஆசை. “தீர்த்தமாடிட்டு விருதுநகர் வந்து எறங்குறேன், ஸ்டேஷனுக்கு வந்திரு”ம்பாரு. அவரு மகள் போன்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். இப்பவே முகத்தைப் பார்த்துட்டா ஸ்டேஷன்ல தேடுற சுகம் போயிரும்னு மறுத்துட்டாரு.

“பெறகு கூட்டத்துல எப்படிய்யா கண்டுபிடிக்க?”ன்னேன். “எங்க டீத்தூள்ல பாலைக் கொஞ்சம் குறைச்சு ஊத்தினா ஒரு நிறம் வரும்ல, அதான் நான். நீ?” “நான் அந்த டீ கொதிக்கிற சட்டியோட அடி”ன்னேன். இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சுட்டுச் சொன்னாரு: “அப்ப ரெண்டு பேரும் ஒரே அடுப்புலதான் இருக்கோம்.”

வெளுத்த முகம்

போன ஆடிக்கு மணி அடிக்கலை. ஆவணி, புரட்டாசியும் போச்சு. நான் அடிச்சா, போனை அணைச்சு வச்சிருக்காகன்னு குரல் வந்துச்சு. டிவியில வெள்ளமும் காட்டலை. அப்ப நல்லாத்தான் இருப்பாருன்னு இருந்துட்டேன்.

ஐப்பசியில ஆபீசுக்கு ஆர்டர் வந்திருக்கு, அவரு மகள் பேருல. சாமி படம் வேண்டாம், அப்பா படம் போடுங்கன்னு. எனக்கு யாரும் சொல்லலை. மெஷின்ல இருந்து உருவின மொதத் தாள்ல கடை பேரைப் பார்த்தேன். மேல, மாலை போட்ட ஒரு முகம். பாலா வெளுத்துக் கெடந்துச்சு. யாரு போட்டோ வந்தாலும் வெளுப்பாக்கிக் குடுக்கிறது இங்க வழக்கம், பார்ட்டிகளும் அதைத்தான் கேப்பாக. மெஷினை நிப்பாட்டிட்டு, டிசைன் போடுற முத்துமாரிகிட்டப் போயி, “இவரு இந்த நிறம் இல்ல தாயி”ன்னேன். அவ என் முகத்தை ஏற எறங்கப் பார்த்தா: “பார்த்தே இராத ஆளுக்கு நீங்க எப்படி அண்ணாச்சி நிறம் சொல்லுவீக?”

ஒரு கிளாஸ் டீ

கேட்டதுக்குப் பதில் என் வீட்டு அடுப்படியில இருந்துச்சு. அவரு கடைசியா அனுப்பின டப்பாவுல அடியில ரெண்டு கரண்டி மிச்சம். எடுத்தாந்து பிரஸ் வாசல் டீக்கடையில குடுத்து, பாலைக் குறைச்சு ஊத்தச் சொன்னேன். முத்துமாரி வெளுப்பை எடுத்துட்டு அச்சுக்கு வேற பிளேட் குடுத்தா. ஆனா மகள் அனுப்பின போட்டோவே டியூப்லைட்டுல எடுத்தது, அதுல நிஜ நிறம் தெரியாது. அதனால கிளாஸை வெளிச்சத்துல வச்சு, தாளை அது பக்கத்துல பிடிச்சுப் பிடிச்சு, மெஷின்ல மஞ்சள் மையும் சிவப்பு மையும் கூட்டிக்கிட்டே வந்தேன். கறுத்துப்போச்சுன்னு பார்ட்டி லோடைத் திருப்பினா நீதான் பொறுப்புன்னுட்டு முதலாளி போயிட்டாரு. டீ ஆறி ஆடை கட்டினப்பத்தான் முகம் வந்து சேர்ந்துச்சு. அந்த டீயைக் கீழ ஊத்த மனசு வரலை, குடிச்சிட்டேன்.

லோடு போய்ச் சேர்ந்த மறுநாள், ஹரேன் நம்பர்ல இருந்தே மணி அடிச்சுது. மூணாவது தடவை அடிச்சப்பத்தான் எடுத்தேன். மகள்தான். கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் மட்டும் வந்துச்சு. நிறம் கறுத்துப்போச்சுன்னு திட்டப் போறான்னு நெனச்சேன். மூக்கை உறிஞ்சிட்டுக் கேட்டா: “அங்கிள், எங்க அப்பாவை நீங்க எப்பப் பார்த்தீங்க?”

முப்பது வருஷமா முகம் முகமா அச்சடிச்சு ஊரூரா அனுப்புற எனக்கு, பார்க்கணும்னு ஏங்கின ஒரே முகமும் ஆர்டராத்தான் வந்துச்சு, லோடாத்தான் போச்சு.