மாப்பிள்ளைக் காரில் நான்

என் இரண்டாவது கல்யாணத்துக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மயிலாப்பூரில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவார்களே, அந்தத் திறந்த கார்.

"விவாகரத்தானவளுக்கு ஊர்வலம் ஒரு கேடா? கோவில்ல தாலியைக் கட்டிண்டு நாலு பேர் கண்ணுல படாம ஆட்டோல போய்ச் சேருங்கோ" என்றார் மாமா. அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கண்ணில் படாமல்தான் எட்டு வருஷம் இருந்தேன். சொந்தக்காரர் கல்யாணங்களில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவள் நான். போதும்.

காரை நானே பேசி முடித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஜமீனுக்காகக் கப்பலில் வந்ததாம். தந்த நிறம். முகத்தில் பித்தளை விளக்குகள், பக்கவாட்டில் ஏறி நிற்க நீளப் பலகை. துணிக்கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிட்டால் வானம்தான் மிச்சம்.

அதில் மாப்பிள்ளைதான் உட்காருவார். பெண் மண்டபத்தில் காத்திருப்பாள். நான் ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பொண்ணும் குந்திக்கிச்சா? இத்தினி வருசத்துல இதான் மொத தபா."

"ஓட்டுங்க" என்றேன்.

காலையிலேயே தாலி கட்டியாகிவிட்டது. இப்போது மாலை ஐந்தரை. நாகஸ்வரம் முன்னே போக, கார் நடக்கும் வேகத்தில் மாட வீதியில் ஊர்ந்தது. பூக்கடைக்காரி கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். காப்பிப்பொடிக் கடை வாசலே திரும்பிப் பார்த்தது. பாருங்கள். இதோ முகம், இதோ கழுத்து, இதோ புதுத் தாலி.

கல்யாணத்துக்கு வராத மாமாவின் வீட்டு வாசலுக்கு வந்ததும் கார் இருமியது. நின்றது. மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது.

"மெதுவா போனா இதுக்குச் சூடு ஏறிக்கும்மா. தண்ணி ஊத்தி ஆறணும். அதுவரிக்கும் கூரைய இஸ்து வுடட்டா? அல்லாரும் பாத்துக்கினு கீறாங்க."

"வேண்டாம்."

"இறங்கி நடந்துடலாமா?" என்று என் கணவர் மெல்லக் கேட்டார். எனக்காகத்தான் கேட்டார்.

"நீங்க வேணா நடங்கோ. நான் இறங்கறதா இல்லை."

அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் கேட்டு டிரைவர் மாமா வீட்டுக் கதவைத்தான் தட்டினார். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தெரு அது. ஒரு சொம்பு கிடைத்தாலே பெரிது. கதவு திறந்தது. மாமி பச்சை பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குடத்தை டிரைவரிடம் கொடுத்தாள். பிறகு நேராக என் பக்கம் வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலகையில் ஏறி நின்றாள். இருபது வருஷமாக மாமாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"ஒனக்கு இந்தக் கலர் நன்னாருக்குடி" என்றாள். "மாமா உள்ள டீவியைப் பெருசா வெச்சுண்டு, ஒண்ணும் கேக்காத மாதிரி உக்காந்திண்டிருக்கார்."

பிறகு டிரைவரைப் பார்த்தாள். "ஏம்ப்பா, இதுல ஹாரன் இருக்கோ?"

"தி.நகர் வரிக்கும் கேக்கும் மாமி."

"அடி."

ரப்பர் உருண்டையை அவர் அமுக்கினார். எருமை கத்துவதுபோல் தெருவே அதிர்ந்தது. உள்ளே டீவிச் சத்தம் இன்னும் கூடியது.

"இன்னொரு தரம்" என்றேன் நான்.