வெட்டி எறிந்த முன்பாதி

அந்த ஆய்வுக் கட்டடத்தின் மூன்று மாடிகளையும் பதினோரு வருடமாகப் பெருக்கித் துடைப்பவரை எல்லோரும் மாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டில் பேசுவது வேறொரு மொழி என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கு நேரம்! ஒருநாள் அவர் தங்கையோடு போனில் பேசியது அங்கிருந்த மொழி ஆய்வாளர் ஒருவர் காதில் விழுந்தது. எந்தெந்த மொழிக்காரர்கள் எப்படியெப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்று ஆராய்கிறவர் அவர். புதையல் கிடைத்தது போலத் துள்ளினார்.

மறுநாளே அக்காவை ஒலிப்பதிவு அறையில் உட்காரவைத்து அட்டைகளை நீட்டினார். முதல் அட்டை: பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் குறைந்ததா என்று அவர் தன் வீட்டு மொழியில் கேட்கவேண்டும். அக்கா முதலில் தன் வீட்டுச் சேதியைச் சொன்னார். பெரியவனுக்குச் சளி, சின்னவளுக்குப் பல்வலி, காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. அப்புறம்தான் கேட்டார்.

"அக்கா, கேள்வி மட்டும் போதும்."

"நம்ம வீட்டுச் சேதிய சொல்லாம அடுத்தவங்க வீட்டுச் சேதிய எப்படி சார் கேக்குறது? நாம என்ன போலீஸா?"

"சரி, சொல்லுங்க. வேண்டாதத நான் அப்புறம் வெட்டிக்கிறேன்."

மூன்று வாரம், நூற்றெண்பது அட்டை. அக்கா சலிக்காமல் சொன்னார். அவரும் சலிக்காமல் வெட்டினார்.

ஒரு மாதம் கழித்து, இரண்டாம் மாடிச் சுவரில் ஆய்வாளரின் முடிவுகளோடு ஆளுயரத் தாள் ஒன்று தொங்கியது. கருத்தரங்குக்குப் போகிறதாம். மேலே தன் மொழியின் பெயரைப் பார்த்துவிட்டு அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார்: 'இம்மொழி பேசுவோர் எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடுகிறார்கள். இவர்கள் கேள்வியில் பணிவு இல்லை.'

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? மூக்கை அறுத்தவரும் அவரே, மூக்கில்லை என்று ஊருக்குச் சொல்கிறவரும் அவரே! பேசக் கற்றுக்கொடுத்த அம்மாவிலிருந்து நேற்றுப் பேசத் தொடங்கிய தங்கை மகள் வரை அத்தனை பேரையும் முரடர்களாக்கிவிட்டாரே!

அந்த நேரம் பார்த்து ஆய்வாளரே வந்தார், கையில் சம்மதப் படிவத்தோடு. அக்கா கையெழுத்து இல்லாமல் அந்தத் தாள் கட்டடத்தைத் தாண்டாது.

"அக்கா, இங்க ஒரு கையெழுத்து."

"போட மாட்டேன்."

"ஏன்?"

அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம் சார். இன்னிக்கு பஸ் வரல, நடந்தே வந்தேன். வந்ததும் உங்க ரூமத்தான் முதல்ல தொடச்சேன். இப்பக் கேக்குறேன். எங்க மரியாதைய வெட்டி எங்க போட்டீங்க? தேடி எடுத்து ஒட்டிட்டு வாங்க. அப்புறம் பேனாவத் தொடுறேன்."