பாதி கேட்ட வார்த்தை

டைப் மெஷின் சத்தத்தின் மேல் பழி போட்டே பல வருஷம் ஓட்டிவிட்டேன். தப்பு என்னுடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில் மயிலாப்பூர் மாடவீதியில் மனுக்கள் டைப் அடித்துக் கொடுத்துப் பிழைத்தேன். ஒரு பாய் வந்தார். கொழும்பில் ஒரு முதலாளி அவரை வேலைக்குக் கேட்டு அங்குள்ள சர்க்காருக்கு எழுதியிருந்தார். பர்மிட்டுக்கு இவரும் மனு போட வேண்டும்.

"இங்க பொழப்பே இல்ல சார். இத்த வுட்டா வேற வழி இல்ல."

"என்ன தொழில்?"

"தச்சு..." என்று ஆரம்பித்ததுமே இங்கிலீஷில் 'கார்ப்பென்டர்' என்று அடித்துவிட்டேன். மீதியை மெஷின் சத்தம் விழுங்கிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, வந்த பதிலை நீட்டினார். "பர்மிட் இல்லியாம். மொதலாளி வேற ஆள வெச்சுக்கினாரு. இன்னாத்துக்குத் தள்ளினாங்கன்னாவது படிங்க சார்."

முதலாளி கேட்டது தையல்காரரை, மனு போட்டவரோ தச்சர் என்று அதில் இருந்தது.

"இடம் இல்லையாம் பாய்," என்றேன்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வூட்ல போய் இன்னா சொல்வேன்?"

வெகுநேரம் கழித்து எழுந்தவர், கிழிந்திருந்த என் சட்டைத் தோளைப் பார்த்தார். "கழட்டுங்க சார், தச்சுக் குடுக்கறேன். எனக்காக எவ்ளோ பாடுபட்டீங்க."

அந்த வார்த்தையை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லவில்லை.